ஒனீட்டாவின் கைப்பைக்கு ஒரு சப்பைமூக்கு

டாய்ல் பிராதர் தன் மனைவியின் கைப்பையை நெஞ்சுக்கு நேராக, இரண்டு கைகளாலும், கொதிக்கிற சட்டியை அடுப்பிலிருந்து இறக்கிக்கொண்டு வருபவரைப் போலப் பிடித்தபடி டிட்வெல்லின் துப்பாக்கிக் கடைக்குள் நுழைந்தபோது சனிக்கிழமை காலை மணி ஒன்பதேகால். வெளியே மார்ச் மாதக் காற்று வழக்கம்போல ஊரைப் பெயர்த்துக்கொண்டு போகப் பார்த்தது. கதவைச் சாத்த ஒரு கை வேண்டும். பையை விட மனமில்லாமல் அவர் கதவை முதுகாலேயே தள்ளிச் சாத்தினார்.

உள்ளே மூன்று பேர் இருந்தார்கள். கண்ணாடி மேஜைக்குப் பின்னால் கடைக்காரர் டிட்வெல். மேஜைக்கு முன்னால், மான் தீவன மூட்டைகளின் மேல், காப்பிக் கோப்பையும் கையுமாக வெர்லினும் ஹெர்ஷலும். இந்த இருவருக்கும் அந்தக் கடையில் எந்த வேலையும் கிடையாது. ஆனாலும் சம்பளத்துக்கு வருகிறவர்களைவிட ஒழுங்காகப் பதினோரு வருஷமாக வந்துகொண்டிருந்தார்கள்.

"யோவ் டாய்ல், பை உனக்கு நல்லாத்தான்யா இருக்கு," என்றார் வெர்லின். "ஆனா இந்த பூட்ஸுக்குக் கறுப்புதான் எடுப்பா இருக்கும்."

"இது ஒனீட்டாவோடது."

"அப்பாடா! ஒரு நிமிஷம் பயந்தே போயிட்டேன்."

டாய்ல் சிரிக்கவில்லை. பையைக் கண்ணாடி மேஜையின் நடுவில் வைத்தார். 'ணங்' என்று ஒரு சத்தம் கேட்டது.

"டிட்வெல், ஒனீட்டாவுக்கு ஒரு சப்பைமூக்கு ரிவால்வர் வேணும், குழல் குட்டையா. எடை இருக்கவே கூடாது. இந்தப் பைக்குள்ள போகணும். இன்னிக்கே வேணும்."

"அப்படி என்ன அவசரம்?"

"திங்கக்கிழமை எனக்கு நெஞ்சைத் திறக்கிறாங்கய்யா."

அது எல்லாருக்கும் தெரிந்த சேதிதான். டாய்லின் இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லை. ஊரில் எந்த வீட்டு எரிவாயுத் தொட்டியின் வால்வாக இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டுகிறவருக்கு இப்படி ஒரு வியாதி வந்ததைப் பற்றி ஊர் சிரிக்க வேண்டிய அளவு சிரித்து முடித்திருந்தது. திங்கட்கிழமை அமரில்லோ நகரத்தில் அறுவை. பத்து நாள் ஆஸ்பத்திரி. அந்தப் பத்து நாளும் ஒனீட்டா வீட்டில் தனியாக இருப்பாள். பக்கத்து வீடு இரண்டு மைல். டாய்லுக்கு மூன்று வாரமாகத் தூக்கம் இல்லாததற்குக் காரணம் அதுதான், வால்வு இல்லை என்று அவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் பயப்பட நியாயம் இருந்தது. முப்பத்தெட்டு வருஷம் கோல்பர்ன் வட்டாரம் முழுக்க எரிவாயு லாரி ஓட்டியவர். தொட்டிகள் எல்லாம் வீட்டுக்குப் பின்னால் இருப்பதால் அவர் எந்த வீட்டையும் முன்பக்கமாகப் பார்த்ததே இல்லை. லாரியைப் பின்பக்கம் கொண்டுபோய் நிறுத்துவார். சமையலறை ஜன்னலிலிருந்து ஒரு பெண் கை ஆட்டுவாள். இவரும் தொப்பியைத் தொட்டுக்காட்டிவிட்டுக் குழாயை இழுப்பார். அந்தத் தொப்பிக்குக் கீழே இருப்பது டாய்ல்தானா என்று முப்பத்தெட்டு வருஷத்தில் ஒருத்தி எட்டிப் பார்த்ததில்லை. ஒரு கரடிக்குத் தொப்பி மாட்டி லாரியில் அனுப்பியிருந்தாலும் கை ஆட்டியிருப்பார்கள். இதயத்தில் கோளாறு என்று டாக்டர் சொன்ன அன்று ராத்திரிதான் இந்த எண்ணம் அவருக்கு முதல்முறையாக வந்தது. அதன்பிறகு போகவில்லை.

ஆனால் ஒனீட்டாவுக்குத் துப்பாக்கி வாங்குவதில் டாய்லின் ஜாதகம் அவ்வளவு சரியில்லை.

இருபதாவது கல்யாண நாளுக்கு ஒன்று வாங்கினார். பன்னிரண்டே அவுன்ஸ். கையில் வைத்தால் வைத்தது தெரியாது. துப்பாக்கியின் எடை குறையக் குறைய அதன் உதை கூடும் என்பது டிட்வெல்லின் கடைக்கு வருகிற ஒவ்வொரு புருஷனுக்கும் தெரியும். தெரிந்திருந்தும், "என் பொண்டாட்டிக்கு நல்லா லேசா ஒண்ணு குடு," என்றுதான் கேட்பான். தனக்கென்றால் ரயில் தண்டவாளம் கனத்துக்கு வாங்குவான். டாய்லும் அப்படித்தான். ஒனீட்டா அதை வைத்து, ஊருக்கு வெளியே சுடும் திடலில், ஒரே ஒரு முறை சுட்டாள். துப்பாக்கியை மேஜையில் வைத்தாள். டாய்லின் சட்டைப் பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்தாள். வீட்டுக்குப் போய்விட்டாள். டாய்ல் நாலு மைல் நடந்தார்.

முப்பதாவது வருஷம் வேறு மாதிரி ஒன்று. சுடுவதற்கு முன்னால் மேல்பாகத்தைப் பின்னால் இழுத்துவிட வேண்டும். ஒனீட்டா பள்ளிக்கூடச் சமையலறையில் மாவு பிசைகிறவள். விரல் கணுக்களில் வாதம் இறங்கியிருந்தது. இழுத்துப் பார்த்தாள், வரவில்லை. "திருடன் வந்தா, 'கொஞ்சம் உக்காருப்பா, உள்ள போய் இடுக்கி எடுத்துட்டு வந்துடறேன்'னு சொல்லணுமா?" என்று கேட்டாள். பிறகு சொன்னாள்: "மூணாவது தடவையும் என்னைக் கேக்காம ஏதாவது வாங்கிட்டு வந்தேன்னு வை, நான் லவேடா வீட்டுக்குப் போயிடுவேன். நாயும் என்கூடத்தான் வரும்."

லவேடா அவள் தங்கை. நாய், டாய்லின் நாய்.

டாய்ல் இதை நன்றாக யோசித்துத்தான் வந்திருந்தார். ஒனீட்டாவைக் கேட்டால் வேண்டாம் என்பாள். கேட்காவிட்டால் நாய் போய்விடும். எனவே ஒனீட்டாவைக் கேட்பதற்குப் பதிலாக ஒனீட்டாவின் பையைக் கேட்பது. அவள் கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த நேரம் பார்த்து எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். பைக்கு எது பொருந்துகிறதோ அது அவளுக்கும் பொருந்தும். வண்டி ஓட்டி வரும்போது குறையே இல்லாத யோசனையாகத்தான் தெரிந்தது.

டிட்வெல் குனிந்து கீழ்த்தட்டைத் திறந்தார். அந்தத் தட்டுக்கு ஊரில் 'சம்சாரத் தட்டு' என்று பெயர். புருஷன்மார் வாங்கிப்போய், மனைவிமார் திருப்பியனுப்பிய சின்னத் துப்பாக்கிகள் வரிசையாக, புதுக் கருக்கு அழியாமல் படுத்திருந்தன. ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு சீட்டு. 'ஐந்து முறை சுட்டது.' 'இரண்டு முறை சுட்டது.' ஒன்றில், 'எடுத்துப் பார்த்ததோடு சரி.' பக்கத்தில் அவரவர் தோட்டாப் பெட்டிகள், மிச்சத் தோட்டாக்களோடு.

"இது பதினஞ்சு அவுன்ஸ்," என்று ஒன்றை எடுத்தார் டிட்வெல். தோட்டா உருளையைத் திறந்து காலி என்று காட்டி டாய்லிடம் கொடுத்தார். டாய்ல் பார்த்துவிட்டு வெர்லினிடம் கொடுத்தார். வெர்லின் தானும் உருளையைத் திறந்து பார்த்துவிட்டு ஹெர்ஷலிடம் கொடுத்தார். ஹெர்ஷலும் திறந்து பார்த்தார். மூன்று பேர் கண்ணெதிரே காலியாக இருந்ததை நாலாவது ஆளும் பார்ப்பதுதான் அங்கே மரியாதை.

"இது இரும்பு. இருபத்திரண்டு அவுன்ஸ். இது உதைக்காது," என்றார் டிட்வெல். "என்னைக் கேட்டா இதைத்தான் சொல்லுவேன்."

"இரும்பா? பாவம்யா, அவ தோள் என்னாகும்?" என்றார் டாய்ல்.

"பேச்சு எதுக்கு? பைக்குள்ள வச்சுப் பாரு. எது படுக்குதோ அதை எடு," என்றார் வெர்லின்.

"அதுவும் சரிதான். பையைத் திற," என்றார் ஹெர்ஷல்.

யாரும் திறக்கவில்லை.

அந்த ஊரில் ஒரு ஆண்பிள்ளை கன்று போட முடியாமல் தவிக்கிற பசுவின் வயிற்றுக்குள் தோள்வரை கையை விடுவான். பாம்புப் பொந்துக்குள் விடுவான். மனைவியின் கைப்பைக்குள் மட்டும் விட மாட்டான். சர்ச்சில் ஒனீட்டா, "பைக்குள்ள ஒரு மிட்டாய் இருக்கும், எடு," என்று கிசுகிசுத்தால், டாய்ல் மிட்டாயை எடுக்க மாட்டார். பையையே தூக்கி அவள் மடியில் வைப்பார். அவருடைய அப்பாவும் அப்படித்தான். ஒருமுறை வீடு தீப்பிடித்தபோது, பணம் கைப்பையில் இருக்கிறது, எடுத்துக்கொண்டு ஓடி வாருங்கள் என்று அம்மா கத்த, அப்பா பையை மேஜையோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு வந்தார். யாரும் போட்ட சட்டம் இல்லை. மீறினால் என்ன ஆகும் என்று தெரிந்தவனும் இல்லை, ஏனென்றால் யாரும் மீறியதில்லை.

"உன் சம்சாரம், உன் பை. நீதான்யா திறக்கணும்," என்றார் டிட்வெல்.

"உன் கடை. நீ திற."

"எனக்கு மூணு பிள்ளைங்க இருக்குப்பா."

"நாலு பேரும் சேர்ந்து ஆளுக்கொரு விரல் வச்சுத் திறப்போம்," என்றார் ஹெர்ஷல். "ஒருத்தன் மேல பழி விழாது."

"நாலு பேரும் ஒரே குழியில படுத்துக்கலாம்னு சொல்லு. செலவும் மிச்சம்," என்றார் வெர்லின்.

கடைசியில் திறக்காமலேயே பார்த்துவிடலாம் என்று முடிவாயிற்று. டிட்வெல் அளவுநாடாவை எடுத்து வந்து பையின் நீளம், உயரம், தடிமன் எல்லாவற்றையும் அளந்து ஒரு சீட்டில் குறித்தார். வெர்லின் ரிவால்வரைப் பையின் விலாவோடு அணைத்துப் பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். "போகும். ஆனா உள்ள ஏற்கெனவே குடித்தனம் இருந்தா போகாது," என்றார்.

"எவ்வளவு குடித்தனம் இருக்குன்னு பாத்துடலாம்," என்று ஹெர்ஷல் எழுந்து, மூலையில் மானை மாட்டி எடை பார்க்கிற கொக்கித் தராசில் பையைத் தொங்கவிட்டார். நாலு பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். முள் ஆடி ஆடி நின்றது. ஒன்பது பவுண்டு ஆறு அவுன்ஸ்.

டிட்வெல் தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டினார். "ஏன்யா டாய்ல், ஒன்பது பவுண்டைத் தினமும் தோள்ல மாட்டிக்கிட்டுப் போறவளுக்கு இரும்பு ஏழு அவுன்ஸ் கூடுதல்னு நீ கவலைப்படறியா?"

டாய்லின் முகம் வெளிறிவிட்டது. நாற்பத்தொரு வருஷமாக அந்தப் பையை சர்ச்சில் மடியில் எடுத்து வைத்திருக்கிறார். கனம் என்று தெரியும். எண்ணாகக் கேட்டதில்லை.

"உள்ள என்னதான் இருக்கும்?"

வெர்லின் குரலைத் தாழ்த்தினார். "ஒருவேளை... அவளே ஒண்ணு வாங்கி வச்சிருந்தா? உன்கிட்ட சொல்லாம? வச்சப்ப 'ணங்'குன்னுச்சே."

"யார்கிட்ட வாங்கியிருப்பா?" என்று மூன்று பேரும் டிட்வெல்லைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்கிட்ட இல்லப்பா! பைபிள் மேல சத்தியம்."

அந்த நேரம் பார்த்துப் பை அலறியது.

தராசிலிருந்து இறக்கி மேஜையில் வைத்திருந்தார்கள். உள்ளே கைப்பேசி மாதாகோவில் மணி போல அடித்தது. அடித்ததோடு மட்டுமில்லை, அதிர்ந்தது. அதிர்ந்து அதிர்ந்து பை கண்ணாடிமேல் அங்குலம் அங்குலமாக டாய்லை நோக்கி நகர்ந்து வந்தது. கீழே சம்சாரத் தட்டில் இருந்த அத்தனை துப்பாக்கிகளும் கூடவே கிணுகிணுத்தன. நாலு பேரும் ஓர் அடி பின்வாங்கினார்கள்.

"எடுய்யா!"

"எப்படி எடுக்கிறது? உள்ள இருக்கு!"

"நின்னுடும், சும்மா இரு."

நின்றது. மறுபடியும் அடித்தது. மறுபடியும் நின்றது. அதன்பிறகு சுவரில் இருந்த கடைத் தொலைபேசி அடித்தது. டிட்வெல் அதை எடுப்பதற்கு முன் முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

"ஆமாங்க ஒனீட்டாம்மா... இங்கதான் இருக்குங்க... ஆமா, அவரும் இருக்கார்... இல்லைங்க, யாரும் திறக்கலைங்க. சத்தியமா இல்லைங்க... எடை மட்டும்தாங்க பார்த்தோம்... இல்லைங்க, நான் பார்க்கல, ஹெர்ஷல்தான் பார்த்தாரு." தொலைபேசியை வைத்தார். "வராங்க."

"எப்படிக் கண்டுபிடிச்சா?" என்றார் டாய்ல்.

"மெயின் ரோட்டுல வண்டியை நிறுத்திட்டு இங்க வரைக்கும் கைப்பையோட நடந்து வந்தியே. ஏழு பேர் லவேடாவுக்குப் போன் பண்ணிச் சொன்னாங்களாம். எட்டாவது ஆள் போட்டோவே அனுப்பினாராம்."

ஏழு நிமிஷத்தில் லவேடாவின் கார் வாசலில் நின்றது. ஒனீட்டா உள்ளே வந்தாள். அவள் தலையில் நீலச் சுருட்டைக் குழல்கள் இருபதுக்குக் குறையாமல் மாட்டியிருந்தன. லவேடா வீட்டுக்கு வந்து அவளுக்கு முடிசுருட்டிக்கொண்டிருந்தாள். அந்த ஊரில் ஒரு பெண் தலையில் குழல்களோடு தன் வீட்டுப் படி தாண்டினாள் என்றால் ஒன்று சாவு, அல்லது அதைவிடப் பெரிய விஷயம். மூன்று ஆண்களும் தொப்பியைக் கழற்றினார்கள். டாய்லுடைய தொப்பி ஏற்கெனவே கையில்தான் இருந்தது.

"என் பையை எதுக்கு எடுத்துட்டு வந்தே?"

"உனக்கு ஒண்ணு வாங்கலாம்னு, கண்ணு... பைக்குள்ள போகுமான்னு பார்க்கத்தான்..."

"போகுமா?"

"தெரியலை. உள்ள எடமிருக்கான்னு தெரியாதே."

"எடமா? வா, எடத்தைப் பார்க்கலாம்." ஒனீட்டா பையின் வாயைச் சரக்கென்று திறந்தாள். டிட்வெல் கூரையைப் பார்த்தார். மற்ற இருவரும் காப்பியைப் பார்த்தார்கள்.

முதலில் ஒரு மூக்குக் கண்ணாடி வெளியே வந்தது. "இது யாரோடது?"

"என்னோடது."

இன்னொரு கண்ணாடி. அதற்குப் பிறகு மூன்றாவதும். "இது?"

"எல்லாம் என்னோடதுதான்."

காதுக் கருவிக்கான பேட்டரிகள் ஒரு அட்டை. ஒரு பேனாக்கத்தி. மடக்கு இடுக்கி ஒன்று. அவர் சர்ச் விருந்தில் பிடிக்காமல் துணியில் சுற்றிக் கொடுத்த ஒரு துண்டு மக்காச்சோள ரொட்டி, இப்போது அது கல். பிறகு 'ணங்' வந்தது: எரிவாயுத் தொட்டியில் மாட்டுகிற பித்தளை வால்வு, முஷ்டி அளவு, இரண்டரை பவுண்டு. "இது என்னன்னு சொல்லு பார்க்கலாம்."

டாய்ல் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "மெக்கார்ட்டி வீட்டுது. பழுது. கழட்டினேன்... உன்கிட்ட குடுத்தேனா?"

"அவங்க பொண்ணு கல்யாணத்துல. 'ஒரு நிமிஷம் பிடி'ன்னே. அந்தப் பொண்ணுக்கு இப்ப ரெண்டு பிள்ளைங்க."

ஹெர்ஷல் இருமினார். இருமல் நிற்கவில்லை. வெர்லின் அவர் முதுகைத் தட்டுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மேஜையில் டாய்லின் சாமான்கள் ஒரு குவியலாக ஏறிக்கொண்டே போயின. ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டை வந்தது, மாத்திரைப் பெட்டி வந்தது, இரும்புக் கடைப் பற்றுச்சீட்டுகள் ஒரு கற்றை வந்தன. கடைசியில் ஒனீட்டாவுக்கென்று மிஞ்சியது ஒரு சீப்பு, ஒரு உதட்டுச்சாயம், ஒரு கைக்குட்டை, நாலு மிட்டாய்.

"எடம் கிடைச்சாச்சு," என்றாள். "இப்ப சொல்லு. எனக்கு எதுக்குத் துப்பாக்கி?"

"பத்து நாள் நீ தனியா இருப்பியே, கண்ணு. அந்த வீட்டுல. எவன் வேணா பின்பக்கமா வருவான். எனக்குத் தெரியும். நானே வந்திருக்கேன்."

"நான் எதுக்கு அந்த வீட்டுல இருக்கப் போறேன்? நான் அமரில்லோவுல இருப்பேன். உன் கட்டிலுக்குப் பக்கத்துல ஒரு சாய்வு நாற்காலி கேட்டேன், அவங்களும் சரின்னுட்டாங்க. இந்த முடியெல்லாம் பின்ன எதுக்குச் சுருட்டிக்கிட்டிருக்கேன்? உன் நாய்க்காகவா?"

"நீ வர வேண்டாம்னு சொன்னேனே. நீயும் சரின்னியே!"

"நான் எங்க சரின்னேன்? நான் பட்டாணி உரிச்சிட்டிருந்தேன்."

மூன்று வாரத் தூக்கம் எங்கே போயிற்று என்று யாரிடம் கேட்பது?

ஒனீட்டா குவியலுக்குள்ளிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை உருவினாள். டாக்டர் கொடுத்தது. டாய்லுடைய கண்ணாடிகளில் ஒன்றை மாட்டிக்கொண்டு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தாள். "வீட்டுக்கு வந்த பிறகு ஆறு வாரம். வண்டி ஓட்டக் கூடாது. ஏணி ஏறக் கூடாது. அஞ்சு பவுண்டுக்கு மேல தூக்கக் கூடாது." கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தாள். "நான் காலைல ஆறு மணிக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போயிடுவேன். முந்நூத்தி இருபது பிள்ளைங்களுக்கு பன் சுடணும். மத்தியானம் ரெண்டு மணி வரைக்கும் அந்த வீட்டுல தனியாக் கிடக்கப் போறது யாரு?"

வெளியே காற்று கூரைத் தகரத்தைத் தட்டியது.

"டாய்ல்," என்றார் வெர்லின் உதவியாக.

"டிட்வெல், என் வீட்டுக்காரருக்கு லேசா ஒண்ணு குடுங்க," என்றாள் ஒனீட்டா.

"எனக்கு எதுக்கு? என்கிட்டதான் பெரிசு இருக்கே!"

"அது ஒரு ஆட்டுக்குட்டி கனம் இருக்கு. நெஞ்சுல கம்பி போட்டுத் தைச்சிருக்கிறவன் அதைத் தூக்கினா தையல்தான் முதல்ல சுடும்."

இதற்காகவே பதினோரு வருஷம் காத்திருந்தவர்களைப் போல வெர்லினும் ஹெர்ஷலும் மூட்டைகளிலிருந்து எழுந்து வந்தார்கள்.

"அவனுக்கு நல்லா லேசாப் பாருங்கம்மா. கை ரொம்ப மென்மை," என்றார் ஹெர்ஷல்.

"சின்னதா இருக்கணும். பயந்துடக் கூடாது," என்றார் வெர்லின்.

"இந்தப் பதினஞ்சு அவுன்ஸ் உதைக்கும்டா!" என்றார் டாய்ல், சம்சாரத் தட்டிலிருந்து இன்னும் மேஜைமேல் கிடந்ததைக் காட்டி. "லேசா இருந்தா உதைக்கும்னு உங்களுக்குத் தெரியாதா? தையல் போட்ட நெஞ்சுய்யா!"

அப்படிச் சொன்ன பிறகு தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே கேட்டது. ஒனீட்டா கண்ணாடியைக் கழற்றி மெதுவாகத் துடைத்தாள். அவள் ஏதாவது சொல்லியிருந்தால் தேவலை என்று டாய்லுக்கு இருந்தது.

"உதைக்காத லேசு ஒண்ணு இருக்கு," என்று டிட்வெல் பின்னறைக்குப் போய் ஒரு பெட்டியோடு வந்தார். "தோட்டா பென்சில் முனை அளவுதான். எட்டு போகும். கொசு கடிச்ச மாதிரி இருக்கும், அவ்வளவுதான். ஆனா..." தயங்கினார். "ஒருத்தர் சம்சாரத்துக்குன்னு சொல்லி வரவழைச்சாரு. அப்புறம் வாங்க வரவே இல்லை. இருக்கிறது இந்த ஒண்ணுதான்."

திறந்தார். பிடி ரோஜாப்பூ நிறத்தில் இருந்தது. பளபளவென்று, பிறந்தநாள் கேக்கின் மேல்பூச்சு மாதிரி.

வெர்லின் ஜன்னல் பக்கம் போய்விட்டார். அவருடைய தோள்கள் குலுங்கின.

ஒனீட்டா ரிவால்வரை வாங்கினாள். உருளையைத் திறந்து தானும் ஒருமுறை பார்த்தாள். டாய்லைத் தீவன மூட்டைமேல் உட்கார வைத்து, முதுகுக்கு இன்னொரு மூட்டையை அண்டக் கொடுத்து, "கட்டில்ல படுத்திருக்கேன்னு நினைச்சுக்கோ," என்று அவர் கையில் வைத்தாள். மூலையில் இருந்த மணல் வாளியைக் காட்டினாள். "அதைப் பார்த்து இழு. நெஞ்சு வலிச்சா நிறுத்திடு."

டாய்ல் இழுத்தார். டிக். இன்னொரு முறை. டிக். யாரும் சிரிக்கவில்லை. ஒனீட்டா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், ரொட்டி வெந்ததா என்று அடுப்பைப் பார்ப்பது போல.

"விரலுக்குக் கஷ்டமா இருக்கா?"

"கொஞ்சம் இறுக்கம். முடியுது."

"கைக்கு அடங்குதா?"

"அடங்குது."

"பிடிச்சிருக்கா? பிடிக்கலைன்னா சொல்லிடு. இங்கயே சொல்லிடு."

அவர் ரோஜா நிறப் பிடியைப் பார்த்தார். "நல்லா இருக்கு," என்றார். "கலருதான்..."

"ராத்திரி தேடினா கண்ணுல படும்," என்றாள் ஒனீட்டா.

டிட்வெல் படிவத்தை எடுத்து வைத்தார். அவள் மேஜைமேல் சாய்ந்து எழுத ஆரம்பித்தாள். வழக்கம் விடாமல் டிட்வெல் கேட்டார், "அன்பளிப்புதானுங்களே?"

"ஆமா, என் புருஷனுக்கு. தனியா இருந்தா அவனுக்குப் பயம்."

"எனக்கு என்ன பயம்?" என்றார் டாய்ல் மூட்டைமேலிருந்து.

"இவனுக்குப் பயம்தான்," என்று மூன்று ஆண்களும் ஒரே குரலில் சொன்னார்கள்.

ஒனீட்டா பேனாவை நிறுத்தினாள். திரும்பவில்லை. "எதுக்குப் பயப்படறே?" என்றாள், படிவத்தைப் பார்த்தபடியே. "பின்பக்கமா வர்றவனுக்கா?"

டாய்ல் முப்பத்தெட்டு வருஷம் மற்றவர்கள் வீட்டுக் கொல்லைப்புறங்களில் வேலை பார்த்தவர், வாய் திறந்து பேசிப் பழக்கம் குறைவு.

"திங்கக்கிழமைக்கு," என்றார்.

ஹெர்ஷல் காலிக் கோப்பையைத் தூக்கி ஒரு வாய் குடித்தார். வெர்லின் ஜன்னலிலிருந்து திரும்பவே இல்லை, ஆனால் தோள்கள் குலுங்குவது நின்றிருந்தது.

"எனக்கும்தான்," என்றாள் ஒனீட்டா. பிறகு கீழே தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். குழல்கள் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போட்டன.

வாங்குகிறவர்மேல் வழக்கு ஏதும் உண்டா என்கிற அரசாங்கச் சோதனைக்காக டிட்வெல் தொலைபேசியில் அவள் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மறுமுனையில் காத்திருக்கச் சொன்னார்கள். ஒனீட்டா வந்து டாய்லுக்குப் பக்கத்து மூட்டையில் உட்கார்ந்தாள். வாசலில் லவேடா ஹாரன் அடித்தாள்; யாரும் அசையவில்லை. டாய்ல் எழுந்து மேஜைக்குப் போய்த் தன் சாமான்களை ஒவ்வொன்றாகத் தன் பைகளில் போட்டுக்கொள்ளத் தொடங்கினார். கண்ணாடிகள் சட்டைப் பையில். கத்தியும் இடுக்கியும் கால்சட்டையில். பித்தளை வால்வை எதில் போட்டாலும் கால்சட்டை இறங்கியது. கையிலேயே வைத்துக்கொண்டார். மாத்திரைப் பெட்டியையும் ரத்த அழுத்தப் பட்டையையும் எடுத்தபோது ஒனீட்டா மூட்டையிலிருந்தே கையை நீட்டினாள்.

"அது ரெண்டும் குடு. அது என் பையிலயே இருக்கட்டும்," என்றாள்.

அவர் அவற்றை அவள் கையில் கொடுக்கவில்லை. பையின் வாய் திறந்துதான் இருந்தது. மூன்று ஆண்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கையை உள்ளே விட்டு, அடியில், கைக்குட்டைக்குப் பக்கத்தில் வைத்தார்.